பாக்கெட் அதே... சரக்கு வேறே!

சாம்பிராணி மாதிரி வாசனைப் பொருள் என்று சொல்லித்தான் விற்றார்கள்.

3 கிராம் பாக்கெட். பளபளக்கிற காகிதம். பின்பக்கம் திருப்பினால் மூலிகைப் பட்டியல்: நீலத்தாமரை, செந்தாமரை, ரோஜா, வெனிலா, தேன்... நாட்டு மருந்துக் கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறதா? பட்டியலுக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: 'மனிதர்கள் உட்கொள்வதற்கு அல்ல.'

பெயர், 'ஸ்பைஸ்'. அதாவது மசாலா!

2000-க்குப் பிறகு சில வருஷங்களில் ஐரோப்பாக் கடைகளில் இது சக்கைப்போடு போட்டது. வாங்கியவர்கள் யாரும் வீட்டில் தூபம் போடவில்லை. சுருட்டி ஊதினார்கள். ஊதியவர்களுக்குக் கஞ்சா அடித்த மாதிரியே 'ஜிவ்'வென்று இருந்தது. ஆனால் மூத்திரத்தைப் பரிசோதித்தால் 'கஞ்சா இல்லை' என்று ரிசல்ட் வந்தது. போலீஸ் பிடிக்காது, ஆபீஸில் வேலை போகாது. இதைவிட வேறென்ன வேண்டும்? சிப்பாய்கள், பரோலில் வந்தவர்கள், காலேஜ் பையன்கள் என்று எல்லோரும் க்யூவில் நின்றார்கள்.

"அடடா, வெறும் தாமரைப்பூவுக்கு இத்தனை சக்தியா?" என்று ஜெர்மனியில் சில விஞ்ஞானிகளுக்கு மூக்கு வியர்த்தது. ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் தாங்களே ஒரு சிகரெட் சுருட்டி ஊதிப் பார்த்துவிட்டார்கள்! (நம்ம ஊர் புரொபசர் யாராவது இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டாம்.) கண் சிவந்தது, நாடி எகிறியது, வாய் வறண்டது. அதே சமயத்தில், 2008 டிசம்பரில், ஃபிராங்க்ஃபர்ட்டில் இருந்த ஒரு மருந்துக் கம்பெனி குட்டை உடைத்தது. மூலிகை எல்லாம் சும்மா ஒப்புக்கு. அதன் மேல் தெளித்திருந்த ரசாயனம்தான் வேலை செய்கிறது. அதன் பெயர், ஜே.டபிள்யூ.எச்.-018.

எழுத்துக்களைப் பார்த்தால் லாரி நம்பர் மாதிரி இருக்கும். உண்மையில் அது ஒரு மனிதரின் இனிஷியல்.

பாவம், ஹஃப்மன்!

ஜான் டபிள்யூ. ஹஃப்மன், அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்தின் கிளெம்ஸன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியர். கஞ்சா வியாபாரிக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. அவர் இதில் எப்படி மாட்டினார்?

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1964-ல் இஸ்ரேலைச் சேர்ந்த ரஃபேல் மெக்கூலம், யெகியேல் காவோனி என்ற இரண்டு விஞ்ஞானிகள், கஞ்சாவில் போதை தருகிற பொருளைப் பிரித்து அதன் அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். டி.ஹெச்.சி. என்று அதற்குச் செல்லப்பெயர். சரி, அது மூளைக்குள் போய் எந்தக் கதவைத் தட்டுகிறது? அந்தக் கதவை 1988-ல் கண்டுபிடித்தார்கள். பெயர் சி.பி.-1.

இங்கேதான் ஒரு சுவாரஸ்யம். கஞ்சாக்காரர்களுக்காகவா கடவுள் மூளையில் கதவு வைத்தார்? இல்லை. நம் மூளையே சுரக்கிற ஒரு பொருளுக்காக உள்ள கதவு அது. 1992-ல் அந்தப் பொருளையும் கண்டுபிடித்தார்கள். என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? 'ஆனந்தமைட்'. ஆமாம், நம்ம ஊர் 'ஆனந்தம்'தான்! பசி, வலி, ஞாபகம், பயம் இதையெல்லாம் அளவாக வைத்துக்கொள்ள உடம்பு செய்துகொண்ட ஏற்பாடு.

அந்தக் கதவு எப்படித் திறக்கிறது, எப்படி மூடுகிறது என்று தெரிந்தால் வலிக்கும் வாந்திக்கும் நல்ல மருந்து கிடைக்கலாம் அல்லவா? அதற்காக ஹஃப்மன், அமெரிக்க அரசாங்க நிதியில், நூற்றுக்கணக்கான சாவிகளைத் தயார் செய்தார். ஒவ்வொன்றுக்கும் தன் இனிஷியலையும் ஒரு நம்பரையும் போட்டார். 018 தயாரானது 1995-ல். எலிகள் மேல் சோதனை செய்தார்கள். செய்முறையை எல்லா விஞ்ஞானிகளையும் போல ஆராய்ச்சிப் பத்திரிகையில் வெளியிட்டார்.

அதை விஞ்ஞானிகள் மட்டும் படிக்கவில்லை.

யாரோ ஒரு புத்திசாலி படித்து, ஃபேக்டரியில் கிலோக்கணக்கில் செய்து, காய்ந்த இலையில் தெளித்து, பாக்கெட் போட்டு விற்றுவிட்டான். மனிதர்களிடம் ஒரு தடவைகூடச் சோதிக்காத பொருள் அது. "இதைப் போய் உபயோகிப்பது முட்டாள்தனம்" என்று ஹஃப்மன் பேட்டிக்குப் பேட்டி எச்சரித்தார். 2022-ல் அவர் காலமானார். அவர் இனிஷியல் போலீஸ் ஸ்டேஷன் ரெக்கார்டுகளில் இன்னும் இருக்கிறது.

ரெகுலேட்டர் இல்லாத ஃபேன்

"கஞ்சாவுக்கும் அதே கதவு, இதற்கும் அதே கதவு. அப்புறம் என்ன வித்தியாசம்?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். புத்தகங்களைப் புரட்டியதில் ஒரு பி.காம்.காரனுக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

உங்கள் வீட்டு ஃபேனை நினைத்துக்கொள்ளுங்கள். டி.ஹெச்.சி. எவ்வளவு முக்கினாலும் ரெகுலேட்டரை இரண்டு, மூன்று வரைதான் திருப்ப முடியும். அதற்குமேல் அதற்குச் சக்தி இல்லை. இந்தச் செயற்கைச் சரக்குகளோ நேராக ஐந்துக்குப் போகும். அதுவும் துளியூண்டு போதும். (இதனால் கஞ்சா நல்ல பிள்ளை என்று நான் சர்டிபிகேட் கொடுப்பதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அதற்கு 1985-லேயே நம் நாட்டில் சட்டம் இருக்கிறது.)

ஃபேன் ஐந்தில் ஓடி, பிளேடு கழன்று பறந்தால் என்ன ஆகும்? வலிப்பு, வாந்தி, மார்வலி, பிதற்றல், தன்னை யாரோ கொல்ல வருகிறார்கள் என்ற பயம். 2011-ல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் டாக்டர்கள் ஒரு ரிப்போர்ட் எழுதினார்கள். மூன்று பையன்கள், மூன்று பேருக்கும் வயது 16, மூன்று பேருக்கும் ஹார்ட் அட்டாக்! 2012-ல் அதே நாட்டில் ஆறு மாநிலங்களில் 16 பேருக்குச் சிறுநீரகம் பழுதானது. தொடர்ந்து ஊதுகிறவர்கள் நிறுத்த நினைத்தால் வியர்வை, குமட்டல், தூக்கமின்மை என்று பிடுங்கி எடுக்கிறது.

அமெரிக்காவின் விஷமுறிவு ஆலோசனை மையங்களுக்கு இது சம்பந்தமாக 2010-ல் சுமார் 2,900 அழைப்புகள் வந்தன. 2011-ல் கிட்டத்தட்ட 7,000. ஹெராயின் அதிகமாகிவிட்டால் முறிக்க நாலோக்ஸோன் என்ற மருந்து இருக்கிறது. இதற்கு அப்படி ஒரு முறிமருந்து கிடையாது. வலிப்பு வந்தால் வலிப்புக்கு, படபடப்பு வந்தால் படபடப்புக்கு என்று டாக்டர்கள் வைத்தியம் பார்க்க வேண்டியதுதான்.

சிமென்ட் மிக்ஸரில் மசாலா

தயாரிக்கிற அழகையும் கேளுங்கள். வெள்ளைப் பவுடர் பார்சலில் வரும். நகப் பாலிஷைத் துடைக்கிறோமே அந்த அஸிட்டோனில் கரைப்பார்கள். காய்ந்த இலைச் சருகின் மேல் தெளிப்பார்கள். அதைக் கலக்க என்ன மெஷின் தெரியுமா? அமெரிக்கப் போலீஸ் ரெய்டுக்குப் போன இடங்களில் சிமென்ட் கலக்கிற மிக்ஸர் இருந்திருக்கிறது! நாம் கட்டடத்துக்கு ஜல்லி போடுவதற்குக்கூட ஒரு மேஸ்திரி பக்கத்தில் நின்று கணக்குப் பார்க்கிறார். இங்கே அதுவும் இல்லை.

உப்புமாவில் சரியாகக் கரையாத உப்புக்கட்டி ஒரு வாயில் மட்டும் கரிக்கிற மாதிரி, ஒரே பாக்கெட்டில் ஒரு சிட்டிகையில் ஒன்றுமே இருக்காது, அடுத்த சிட்டிகையில் யமன் உட்கார்ந்திருப்பான். நேற்று ஊதினவன் இன்று எழுந்து ஆபீஸ் போனான் என்பது எதற்கும் உத்தரவாதம் இல்லை.

எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சியிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பொட்டலம் மடிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தார்.

"தம்பி, கலப்படம்னா அதுல ஒரு கணக்கு உண்டு. வெல கூடின மிளகுல வெல கொறஞ்ச பப்பாளி வெதயப் போடுவான். தின்னா நமக்குக் காசுதான் நட்டம். நீங்க சொல்றது எந்தக் கணக்குல சேர்த்தி?"

அண்ணாச்சி கேட்டது நூற்றுக்கு நூறு சரியான கேள்வி. இங்கே கலப்படம்தான் சரக்கு, சரக்குதான் கலப்படம். இன்னொரு கூத்தும் நடந்தது. 2020-ல் ஐரோப்பாவில், போதையே இல்லாத மலிவான சணல்கஞ்சா இலையில் இந்த ரசாயனத்தைத் தெளித்து 'ஒரிஜினல் கஞ்சா' என்று விற்றிருக்கிறார்கள். 'எனக்கு ரசாயனம் ஆகாது, இயற்கைதான்' என்று இருந்தவர்களுக்கும் ரசாயனம்தான் போயிருக்கிறது!

ஒரே ஒரு கார்பன்

இப்போது நான் படித்த காமர்ஸுக்கு வருகிறேன். பிராண்ட் என்றால் என்ன என்று முதல் வருஷத்திலேயே பாடம். வாங்குகிறவருக்கு விற்கிறவர் கொடுக்கிற வாக்குறுதி. போன மாதம் வாங்கிய அதே சோப்பு, அதே வாசனை, அதே எடை. அதற்காகத்தான் பெயர் பார்த்து வாங்குகிறோம்.

இந்த வியாபாரத்தில் பிராண்ட் மாறாது. உள்ளே இருப்பது மட்டும் மாறிக்கொண்டே இருக்கும்.

எப்படி என்று பாருங்கள். 2009 ஜனவரியில் ஜெர்மனி ஜே.டபிள்யூ.எச்.-018-ஐத் தடை செய்தது. நான்கே வாரம். புதிய பாக்கெட்டுகள் வந்துவிட்டன. உள்ளே ஜே.டபிள்யூ.எச்.-073. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? வாலில் ஒரே ஒரு கார்பன் குறைவு! சட்டப் புத்தகத்தில் இருக்கிற பெயர் வேறு, பாக்கெட்டில் இருக்கிற பொருள் வேறு. போலீஸ்காரர் கையைப் பிசைய வேண்டியதுதான்.

2011 மார்ச்சில் அமெரிக்கா ஐந்து ரசாயனங்களை அவசரமாகத் தடை செய்தது. வியாபாரிகள் 018-ன் வாலில் ஒரு ஃப்ளூரினை ஒட்டவைத்து ஏ.எம்.-2201 என்று கொண்டுவந்தார்கள். அதைப் பிடிப்பதற்குள் எக்ஸ்.எல்.ஆர்.-11. (இது ஒரு ராக்கெட் இன்ஜினின் பெயர்!) இன்னொன்றுக்கு ஜப்பானியப் பாட்டுக்காரப் பெண்களின் குழுப் பெயரை வைத்தார்கள். பேர் வைப்பதிலாவது கொஞ்சம் ரசனை இருந்திருக்கிறது. 2008-லிருந்து ஐரோப்பிய அதிகாரிகள் அடையாளம் கண்ட இந்த வகைச் செயற்கைச் சரக்குகள் மட்டும் 250-க்கும் மேல்.

துரத்தினால் ஓடுவான், சரி. ஆனால் ஓடுகிற திசையைக் கவனியுங்கள். ஒவ்வொரு தடைக்கும் பிறகு வந்த பல சரக்குகள் முந்தியதைவிட வீரியம் கூடினவை, முந்தியதைவிடக் குறைவாகத் தெரிந்தவை. 018-ஐயாவது ஹஃப்மன் எலிக்குக் கொடுத்துப் பார்த்தார். பின்னால் வந்த பலவற்றை எலிகூடப் பார்க்கவில்லை. நேராக மனிதன்தான்!

2016 ஜூலை 12. நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதி. ஒரே நாளில் 33 பேர் நடுத்தெருவில் பொம்மை மாதிரி ஆகிவிட்டார்கள். வெறித்த பார்வை, இயந்திரம் போல மெதுவாக அசையும் கைகால், முனகல். பேப்பர்காரர்கள் 'ஸோம்பி' என்று எழுதினார்கள். நடைப்பிணம் என்று அர்த்தம். 18 பேரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ரத்தத்தில் என்ன என்று ஆராய்ந்ததில் ஏ.எம்.பி.-ஃபுபினாகா என்ற சரக்கு அகப்பட்டது. அதன் வீரியம் டி.ஹெச்.சி.யைப் போல 85 மடங்கு; 018-ஐப் போல 50 மடங்கு. ஒரு பெரிய மருந்துக் கம்பெனி 2009-ல் காப்புரிமைப் பத்திரத்தில் விவரித்துவிட்டு, மருந்தாக்காமல் விட்ட பொருளின் வாரிசு அது. அந்தக் காகிதத்தையும் எவனோ படித்திருக்கிறான்!

2018-ல் இன்னும் பகீர். இல்லினாய் மாநிலத்தில் மூக்கிலும் ஈறிலும் மூத்திரத்திலும் ரத்தமாக, ஆஸ்பத்திரிக்கு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். 150 பேருக்கு மேல். சிலர் இறந்தும் போனார்கள். காரணம், பாக்கெட்டில் புரோடிஃபகூம் இருந்தது. அது வேறொன்றுமில்லை, எலி பாஷாணம். ரத்தத்தை உறையவிடாமல் செய்து எலியைக் கொல்லும். பிழைத்தவர்கள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் விட்டமின் 'கே' சாப்பிட வேண்டியிருந்தது.

அனுமதித்தும் பார்த்தார்கள்

"துரத்துவதற்குப் பதில் லைசென்ஸ் கொடுத்துவிட்டால் என்ன?" என்று சிலருக்குத் தோன்றும். நியூஸிலாந்து அதையும் செய்து பார்த்தது. 2013 ஜூலையில் ஒரு சட்டம். 'உன் சரக்கில் ஆபத்து குறைவு என்று நீயே நிரூபி, விற்றுக்கொள்' என்றது. நிரூபிக்கும்வரை சில பாக்கெட்டுகளுக்குத் தற்காலிக அனுமதி. கடை வாசலில் கூட்டம், ஆஸ்பத்திரியிலும் கூட்டம், ஊர் ஜனங்கள் கொதித்தார்கள். 2014 மே மாதம் அனுமதியை வாபஸ் வாங்கினார்கள். விற்பனை சந்துக்குப் போயிற்று. 2017-ல் அங்கே சாவுகள் குவியத் தொடங்கின. முக்கியக் குற்றவாளி யார் என்கிறீர்கள்? புரூக்ளினில் பார்த்தோமே, அதே ஏ.எம்.பி.-ஃபுபினாகா.

2021 ஜூலை 1 முதல் சீனா இன்னொரு வழியில் போனது. பெயர் சொல்லித் தடை செய்யாமல், இந்த அமைப்பில் உள்ள குடும்பம் மொத்தத்தையும் ஒரே வீச்சில் தடை செய்தது. நல்ல காரியம். ஆனால் அந்தக் குடும்பத்து அமைப்பில் அடங்காத புதிய சாதிகளைக் கண்டுபிடித்து அனுப்பவும் அதிக நாள் ஆகவில்லை.

இலையும் போச்சு

இத்தனை நாளும் காய்ந்த இலையாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை. இங்கிலாந்து ஜெயில்களில் கைதிக்கு வருகிற கடிதக் காகிதத்தையே இந்த ரசாயனத்தில் நனைத்து அனுப்புகிறார்கள். குழந்தை கிரேயானில் வரைந்த படமாகக்கூட இருக்கலாம். அதனால் பல ஜெயில்களில் கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து, ஜெராக்ஸை மட்டும்தான் கைதியிடம் கொடுக்கிறார்கள்.

அதைவிட என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொரு சமாசாரம். அதே இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழகம், 38 பள்ளிக்கூடங்களில் மாணவர்களிடம் பறிமுதல் செய்த 596 மின்சிகரெட்டுகளைப் பரிசோதித்து 2024-ல் ரிசல்ட்டைச் சொன்னது. ஆறில் ஒன்றில் இந்த 'ஸ்பைஸ்' இருந்தது! பையன்கள் 'கஞ்சா எண்ணெய்' என்று நினைத்து வாங்கியிருக்கிறார்கள். பழவாசனை வேறு. வாத்தியாருக்கு எங்கே தெரியப் போகிறது?

நம் நாட்டில் 2019-லேயே மின்சிகரெட்டைத் தடை செய்துவிட்டார்கள். தடை செய்த பொருள் எங்கேயும் கிடைக்காது என்று நம்புகிற அளவுக்கு நீங்களும் நானும் அப்பாவிகள் இல்லை.

அதனால் பெற்றோர்களுக்கு இரண்டே வார்த்தை. பையனோ பெண்ணோ மயங்கி விழுந்து, வலிப்பு வந்து, தாறுமாறாகப் பேசினால், "அக்கம்பக்கம் என்ன நினைக்கும்" என்று கதவைச் சாத்தாதீர்கள். உடனே ஆஸ்பத்திரி. கூட இருந்த நண்பர்களைத் திட்டுவதை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். என்ன ஊதினான், எப்போது ஊதினான் என்பதை மட்டும் அன்பாகக் கேளுங்கள். மிச்சமிருக்கும் பாக்கெட்டையோ குழலையோ தூக்கி எறியாமல் டாக்டரிடம் கொடுங்கள். சாதாரண மூத்திர டெஸ்டில் கஞ்சா இல்லை என்று வந்தால் நிம்மதியாக வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். அந்த டெஸ்டை ஏமாற்றத்தானே இந்தச் சரக்கே சந்தைக்கு வந்தது?

இளைஞர்களுக்கு நான் உபதேசம் செய்தால் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். அதனால் கணக்கு மட்டும் சொல்கிறேன். ஒரு மருந்து கடைக்கு வருவதற்குமுன் எலி, முயல், பிறகு தாங்களாக முன்வந்த மனிதர்கள் என்று பல வருஷம், பல கோடி செலவழித்துச் சோதிக்கிறார்கள். சோதனைக்கு வருகிற மனிதருக்குப் படி கொடுப்பதும் உண்டு. பக்கத்தில் டாக்டரும் இருப்பார். இந்த வியாபாரத்திலும் சோதனை நடக்கத்தான் செய்கிறது. டாக்டர் கிடையாது, படி கிடையாது.

சோதனை எலியே காசு கொடுத்துச் சரக்கை வாங்கிக்கொள்ள வேண்டும்!